கொடுக்கும் கையும் வாங்கும் கையும்

பேராக் மாநிலத்தின் பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில், முற்றுப்பெறாத மாளிகை ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. கெல்லி கோட்டை என்று அதனைக் கூறுவர். ஸ்காட்லாந்திலிருந்து வந்து, ரப்பர்த் தோட்டத்திற்கு உடைமையாளராகிச் செல்வம் சேர்த்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்பவர் எழுப்பத் தொடங்கிய மாளிகை அது. 1915-ஆம் ஆண்டளவில் தொடங்கிய அவ்வேலைக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். 1926-இல் ஸ்மித் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் நோயுற்று மறைந்தார். மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் அதன் படிகளில் ஏறி இறங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர்.

மாளிகைக்கு அணித்தே ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. முதல் உலகப் போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய கொடிய காய்ச்சல் இத்தோட்டத்தையும் தாக்கியது. தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் துரையை அணுகி, அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டனர், அவரும் இசைந்தார். இது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கு இடையே மேனாட்டு உடையணிந்த மனித உருவம் ஒன்றும் காணப்படுகிறது. அது ஸ்மித்தின் உருவமே என்பர்.

துரை கோயிலைக் கொடுத்தார், தொழிலாளர் வாங்கிக்கொண்டனர். பலரும் இவ்வளவோடு கதையை முடித்துக்கொள்வர். ஆயினும் சற்றே நின்று எண்ணிப் பார்ப்போருக்கு ஒரு வினா எழும். மாளிகைக்குக் கல் சுமந்தவர் யார்? பால்மரக் காட்டில் வைகறைப் பொழுதில் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறும்வரை பால் வெட்டித் துரையின் செல்வத்தைப் பெருக்கியவர் யார்? அவர்கள் ஈட்டித் தந்த பொருளில் ஒரு துளி அவர்களிடமே கோயிலாகத் திரும்பியபோது, கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்? கொடுப்பவர் மேலோர் என்றும், வாங்குபவர் கீழோர் என்றும் உலகம் வகுத்திருக்கும் வரிசை சரிதானா?

அறநூலார் பலரும் ஆராய்ந்த வினா இது. திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். இரப்பவரின் நிலையைப் பேச ஓர் அதிகாரமும், இரத்தலுக்கு அஞ்சும் மானத்தைப் பேச மற்றோர் அதிகாரமும் வைத்தார். கொடுப்பதன் சிறப்பைச் சொன்னதோடு நிறைவடையாமல், கேட்டு நிற்பவன் உள்ளம் என்ன பாடுபடும் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதற்கு இவ்வமைப்பே சான்று. அறநூல் விதியாகச் சொல்வதைச் சிறுகதை ஒரு மனிதனின் முகத்தில் காட்டும். அவ்வாறு காட்டியவர்களுள் மலேசியத் தமிழர்க்கு மிக நெருங்கியவர் கு. அழகிரிசாமி.

அழகிரிசாமி 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்தார். கரிசல் மண் சூழ்ந்த ஊர் அது. மழை பொய்த்தால் வயிறும் காயும் ஊர். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அதே ஊரில் பிறந்து, அவருக்கு இளமை முதலே தோழராக விளங்கியவர். ஒரே ஊர் இரு பெரும் கதைஞர்களைத் தமிழுக்குத் தந்தது வியப்பிற்குரியது. எளிய குடும்பத்தில் பிறந்த அழகிரிசாமி, பள்ளிக் கல்வி முடித்துச் சிறிது காலம் அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். எழுத்தின்மீது கொண்ட காதலால் அவ்வேலையை உதறிவிட்டுச் சென்னைக்குச் சென்றார். மாதந்தோறும் தவறாமல் கிடைக்கும் சம்பளத்தை விட்டு, என்று கிடைக்கும் என்று தெரியாத பத்திரிகைச் சம்பளத்தை நம்பிச் செல்வது எளிய குடும்பத்து இளைஞனுக்குச் சிறிய துணிவன்று. ஆனந்த போதினி, பிரசண்ட விகடன், சக்தி முதலிய இதழ்களில் அவர் பணி செய்தார்.

1952-ஆம் ஆண்டில் அவர் மலாயாவுக்கு வந்தார். கோலாலம்பூரில் வெளிவந்துகொண்டிருந்த தமிழ் நேசன் நாளிதழில் ஆசிரியப் பொறுப்பேற்று, 1957 வரை இந்நாட்டில் வாழ்ந்தார். 1948-இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் அப்போது நடந்துகொண்டிருந்தது. தோட்டப்புறங்களில் அச்சம் சூழ்ந்திருந்தது. மக்கள் வேலியிட்ட குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். அத்தகைய காலத்தில்தான் மலாயாத் தமிழ்ச் சிறுகதை தன் காலில் நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. அவர் வருவதற்குச் சற்று முன்னர்ச் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தி, இளைஞர் பலரை எழுதத் தூண்டியிருந்தனர். அந்த விளைநிலத்திற்கு அழகிரிசாமி நீர் பாய்ச்சினார். புதியவர் எழுத்துகளைப் படித்து, குறை நிறைகளை எடுத்துச் சொல்லி, இலக்கிய வட்டக் கூடல்கள் வாயிலாகவும் அவர்களை நெறிப்படுத்தினார். மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரைத் தவிர்த்து எழுதுவதில்லை.

தாயகம் திரும்பிய பின்னர் நவசக்தி இதழில் சில ஆண்டுகள் பணியாற்றினார். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பதிப்பித்தார்; கம்பனில் தோய்ந்தார்; மாக்சிம் கார்க்கியின் எழுத்துகளைத் தமிழாக்கினார். 1970-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் மறைந்தபோது அவருக்கு அகவை நாற்பத்தாறே. அவ்வாண்டிற்குரிய சாகித்திய அகாதெமி பரிசு, 'அன்பளிப்பு' என்னும் அவருடைய சிறுகதைத் தொகுப்பிற்கு, அவர் மறைந்த பின்னரே வழங்கப்பட்டது. கொடுப்பதைப் பற்றி வாழ்நாளெல்லாம் எண்ணிய எழுத்தாளனுக்கு நாடு கொடுத்த பரிசு, வாங்கிக்கொள்ள அவன் இல்லாத வேளையில் வந்தது.

அவருடைய கதைகளுள் 'ராஜா வந்திருக்கிறார்' என்பது தமிழாசிரியர் பலரும் வகுப்பில் எடுத்துச் சொல்லும் கதை. தீபாவளியை ஒட்டிய நாளில் நிகழ்வது. தாயம்மாள் என்னும் ஏழைத் தாயின் பிள்ளைகளுக்கும், செல்வர் வீட்டுப் பிள்ளை ராமசாமிக்கும் ஓயாத போட்டி. உன்னிடம் அது உண்டா, என்னிடம் இது உண்டு என்று குழந்தைகள் பேசும் பேச்சில் உலகத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது. அவ்வேளையில் தாய் தந்தையற்ற சிறுவன் ஒருவன் அவ்வீட்டருகே வந்து நிற்கிறான். உடலில் சிரங்கு, இடையில் கோவணம், எச்சில் இலையில் எஞ்சியதை உண்ணும் நிலை. தாயம்மாள் அவனுக்கு உணவிடுகிறாள். எண்ணெய் தேய்த்து நீராட்டுகிறாள். தன் கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டினை, சிறிது தயங்கிய பின்னர், அவனுக்கு உடுத்தக் கொடுக்கிறாள். அச்சிறுவனின் பெயர் ராஜா. செல்வர் வீட்டிற்கு அன்று ஜமீனைச் சேர்ந்த மாப்பிள்ளை வந்திருக்கிறார். அவரையும் ராஜா என்பர். எங்கள் வீட்டிற்கு ராஜா வந்திருக்கிறார் என்று ராமசாமி பெருமை பேசும்போது, ஏழை வீட்டுச் சிறுமி மங்கம்மாள், எங்கள் வீட்டிற்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள்.

இக்கதையில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, தாயம்மாளின் தயக்கம். தயங்காமல் வாரி வழங்கும் வள்ளலாக அவளை ஆசிரியர் படைத்திருக்கலாம்; படைக்கவில்லை. உள்ளவன் தன்னிடம் மிஞ்சியதில் ஒரு பகுதியைக் கொடுக்கிறான். இல்லாதவள் கொடுக்கும்போது தன் வீட்டாரின் தேவையிலிருந்தே ஒன்றை எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் துண்டின் விலை சில அணாக்களாக இருக்கலாம். அதன் எடையை அளக்க வேண்டுமானால் அந்தத் தயக்கத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

இரண்டாவது, மங்கம்மாளின் சொல். அவள் அச்சிறுவனைப் பிச்சைக்காரன் என்று சொல்லவில்லை; பாவப்பட்ட பிள்ளை என்றும் சொல்லவில்லை. அவனுடைய பெயரைச் சொன்னாள். தங்கள் வீட்டிற்கு வந்த விருந்தினனாகச் சொன்னாள். அவ்வளவில் அவன் இரப்போர் வரிசையிலிருந்து விலகி, விருந்தினர் வரிசையில் அமர்ந்துவிடுகிறான். தாய் கொடுத்த துண்டு அவன் உடலை மறைத்தது. மகள் கொடுத்த சொல் அவன் மானத்தைக் காத்தது. இவ்விரண்டில் எது பெரிய ஈகை என்று வகுப்பறையில் ஒரு நாள் மாணவரிடம் கேட்டுப் பார்க்கலாம். விடை எளிதாக வந்துவிடாது.

இதே வினாவை மறுபுறமிருந்து காண்கிறது 'அன்பளிப்பு' என்னும் கதை. புத்தகங்களோடு வாழும் ஒருவர் தம்மைச் சூழ்ந்து வரும் அண்டை வீட்டுக் குழந்தைகளோடு நெருங்கிப் பழகுகிறார். அவர்களுக்குப் புத்தகங்கள் கொடுக்கிறார். புத்தாண்டு வருகிறது. இரு குழந்தைகளுக்கு நாட்குறிப்பேடுகளைப் பரிசாகத் தருகிறார். சாரங்கன் என்னும் சிறுவனும் அங்கு வருவான். அவனும் அக்கூட்டத்தில் ஒருவன். ஆயினும் அவருடைய கண்ணில் அவன் படவில்லை. பின்னர் ஒரு நாள் அவன் அவரைத் தன் வீட்டிற்கு அழைக்கிறான். சென்றவருக்குச் சிற்றுண்டி கொடுத்து உபசரிக்கிறான். முடிவில், தானே தேடிக்கொண்ட நாட்குறிப்பேடு ஒன்றை எடுத்து அவர்முன் வைத்து, அதில் எழுதச் சொல்கிறான். என்ன எழுதுவது என்று அவர் கேட்க, அதைத் தமது அன்பளிப்பாகத் தன் பெயருக்கு எழுதித் தரும்படி கேட்கிறான்.

அந்தச் சிறுவனுக்குப் பொருள் தேவையாக இருக்கவில்லை. அது அவன் கையிலேயே இருந்தது. தன் பெயரை அவர் கை எழுத வேண்டும், தானும் அன்புக்குரியவன் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அவன் விரும்பியது. அக்கதையைப் படித்து முடிக்கும் வாசகர், அதுவரை கருணை மிக்கவராகத் தோன்றிய அம்மனிதரைப் புதிய கண்ணோடு பார்க்கிறார். அவர் தீயவர் அல்லர், கஞ்சரும் அல்லர். இருப்பினும் அவர் ஒரு பிழை செய்துவிட்டார். இருவருக்குக் கொடுத்த அதே நொடியில் மூன்றாமவனை மறந்தார். கொடுத்தல் என்னும் நற்செயலுக்குள்ளேயே ஒருவனைப் புண்படுத்தும் கூர்மை மறைந்திருக்கக் கூடும் என்பதை இத்துணை மென்மையாக உணர்த்திய கதைகள் தமிழில் மிகச் சிலவே.

மேனாட்டுச் சிறுகதைகளுள் பரிசைப் பற்றியது என்றவுடன் பலர்க்கும் நினைவில் எழுவது அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் கதை. வில்லியம் சிட்னி போர்ட்டர் என்னும் இயற்பெயருடைய அவர், வங்கிப் பணம் கையாடியதாகத் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருந்தபோது கதைகள் எழுதிப் புகழின் வாயிலை எட்டியவர், 1910-இல் மறைந்தவர். 1905-இல் வெளிவந்த அக்கதையில், வறிய இளந் தம்பதியர் கிறிஸ்துமஸுக்காக ஒருவர்க்கொருவர் பரிசு வாங்க விழைகின்றனர். மனைவி தன் நீண்ட கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்திற்குச் சங்கிலி வாங்குகிறாள். கணவனோ கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்குகிறான். இரு பரிசுகளும் பயனற்றுப் போகின்றன. அன்பு மட்டும் எஞ்சுகிறது.

இரு கதைகளும் பரிசின் விலை பொருளில் இல்லை என்றே சொல்கின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஓ. ஹென்றியின் தம்பதியர் நிகரானவர்கள். இருவரும் கொடுக்கின்றனர், இருவரும் பெறுகின்றனர். அவ்விடத்தில் மானம் என்னும் சிக்கல் எழுவதில்லை. அழகிரிசாமி எடுத்துக்கொண்டது நிகரற்றவர்களுக்கு இடையே நிகழும் கொடுத்தலை. பெரியவர் கொடுக்கிறார், சிறுவன் பெறுகிறான். வீடுள்ளவள் கொடுக்கிறாள், வீடற்றவன் பெறுகிறான். அன்பு இருந்தாலும் மேடு பள்ளம் இருக்கும் இடம் அது. அமெரிக்கக் கதையின் முடிவில் நிகழ்ச்சி திரும்புகிறது. தமிழ்க் கதையின் முடிவில் கொடுப்பவரின் நெஞ்சு திரும்புகிறது. எந்நாளும் அறம் சோதிக்கப்படுவது மேடு பள்ளம் உள்ள இடத்தில்தான்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பசித்தவனுக்கு வேண்டியது சோறு. சோற்றை எவ்வாறு கொடுத்தார், என்ன சொல்லிக் கொடுத்தார் என்று ஆராய்வது வயிறு நிறைந்தவர் பேசும் பேச்சு அன்றோ? இத்தடையில் உண்மை உண்டு. அழகிரிசாமியே இதை நன்கு அறிந்தவர். அவருடைய 'திரிபுரம்' கதையில், பஞ்சத்தால் ஊரைவிட்டு வெளியேறிய தாயும் மகளும் யாரிடமும் எதுவும் பெறாமல், கடைசியில் மானத்தையே விற்று உண்ண நேர்கிறது. கொடுப்பார் எவரும் இல்லாத உலகில் மானத்தைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை அக்கதை இரக்கமின்றிக் காட்டுகிறது. ஆகவே, முறை தெரியாமல் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருப்பது மேல் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. சோறு முதலில் வர வேண்டும். ஆனால் சோற்றோடு இழிவையும் சேர்த்துப் பரிமாற வேண்டிய தேவை எங்கும் இல்லை. பெயரைச் சொல்லி அழைத்து உணவிடுவதற்குக் கூடுதலாக ஒரு பிடி அரிசியும் செலவாவதில்லை.

இதனினும் வலிய தடை ஒன்றும் உண்டு. பரிவும் பரிசும் பேசிக்கொண்டிருந்தால் வறுமை நீங்குமா? தோட்டத் தொழிலாளிக்கு வேண்டியது துரையின் கருணையா, நேரிய கூலியா? அழகிரிசாமி இந்நாட்டில் வாழ்ந்த 1954-ஆம் ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அத்தொழிலாளர் கேட்டது தானம் அன்று. தங்கள் உழைப்பிற்குரிய பங்கு. உரிமையாக வர வேண்டியதைத் தானமாகக் கொடுத்துப் புகழ் கொள்வது அறமாகாது என்பதில் ஐயமில்லை. கூலியைக் குறைத்துக் கோயில் கட்டிக் கொடுப்பவரை வள்ளல் என்பதற்கு முன்னால் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆயினும் உரிமை என்னும் எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது? அவனும் என்னைப் போன்றவன் என்னும் உணர்விலிருந்தே பிறக்கிறது. எதிரே நிற்பவனை நிகரானவனாகக் காணக் கற்காத சமுதாயம் அவனுக்கு நேரிய கூலி கொடுக்கவும் கற்காது. மங்கம்மாள் சொன்ன ஒரு சொல்லில் பின்னாளைய நீதி முழுவதற்கும் வித்து இருக்கிறது. சட்டம் செய்ய வேண்டிய வேலையைக் கதை செய்துவிட முடியாது. சட்டம் வேண்டும் என்று உணரும் நெஞ்சைக் கதை உருவாக்க முடியும். அழகிரிசாமி முழக்கமிட்டு எழுதாதவர். அதனாலேயே அவரை வெறும் இரக்கக் கதைஞர் என்று ஒதுக்குவது பொருந்தாது.

இனி, இக்கதைகளைப் படிப்போர் தம் இடத்திற்குத் திரும்ப வேண்டும். பேராக்கின் தோட்டங்கள் பல இன்று வடிவம் மாறிவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நகரோரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. ஆயாக் கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள் இன்று தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுள் வசதி குறைந்தோர்க்குப் பள்ளி தொடங்கும் காலத்திலும் தீபாவளியை ஒட்டியும் சீருடை, காலணி, புத்தகப் பை, அரிசி மூட்டை எனப் பொது அமைப்புகளும் நல்லுள்ளம் கொண்டோரும் வழங்கி வருகின்றனர். இது போற்றத்தக்க பணி. இப்பணி இல்லையேல் பல பிள்ளைகளின் படிப்பு இடையில் நின்றிருக்கும்.

ஆனால் அவ்வுதவி எவ்வாறு கொடுக்கப்படுகிறது என்பதை ஆசிரியர்கள் அறிவர். பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் அழைப்பர். ஏழைப் பிள்ளை என்று எல்லாரும் அறியுமாறு மேடையேற்றுவர். கொடுப்பவர் ஒரு முனையையும் பெறும் பிள்ளை மறு முனையையும் பிடித்தவாறு, படம் எடுத்து முடியும்வரை அந்தப் புத்தகப் பை நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் அப்படம் நாளிதழில் வரும். இந்நாளில் கைப்பேசியில் உலகெங்கும் போகும். அப்பிள்ளை வகுப்பிற்குத் திரும்பும்போது, அவனுடைய தோளில் இரண்டு சுமைகள் இருக்கும். பை ஒன்று, பார்வைகள் மற்றொன்று. அங்கும் பெயர் சொல்லித்தானே அழைத்தார்கள் என்று கேட்கலாம். பெயரை அழைப்பதிலும் வேறுபாடு உண்டு. மங்கம்மாள் ராஜாவின் பெயரை விருந்தினனின் பெயராகச் சொன்னாள். ஒலிபெருக்கி அதைப் பட்டியலில் உள்ள பெயராகச் சொல்கிறது.

இதனை மாற்றுவது அரிய செயலன்று. பொருள்களைப் பெற்றோரிடம் ஓசையின்றிச் சேர்ப்பிக்கலாம். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு புத்தகம் கொடுத்து, தேவையுள்ளோர்க்கு வேண்டியதைத் தனியே கொடுக்கலாம். பெறும் பிள்ளையும் ஏதேனும் ஒன்றைக் கொடுக்க வாய்ப்பளிக்கலாம். ஒரு பாட்டு, ஒரு படம், வீட்டில் காய்த்த நான்கு மிளகாய் எதுவாயினும் ஆகலாம். சாரங்கன் தன் வீட்டிற்கு அழைத்துச் சிற்றுண்டி கொடுத்த பின்னரே கேட்டான் என்பதை மறந்துவிடலாகாது. முதலில் கொடுத்தவனாக நின்று, பின்னர்ப் பெறுபவனாக மாறினான். கொடுக்க இடமில்லாதவனுக்கு வாங்குவது பெருஞ்சுமை என்பதை அச்சிறுவன் அறிந்திருந்தான். எல்லாவற்றிற்கும் மேலாக, கேட்கும் பிள்ளைக்குக் கொடுக்கும் ஆசிரியர் கேளாத பிள்ளையின் முகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சாரங்கன் இருப்பான். பெரும்பாலும் அவன் கடைசி வரிசையில் இருப்பான்.

மீண்டும் பத்து காஜாவின் அக்கோயிலுக்கு வருவோர் இப்போது அம்மேனாட்டு உருவத்தை வேறு விதமாகக் காணக் கூடும். துரை கோயில் கொடுத்தார் என்பது கதையின் ஒரு பாதி. தம் உறவினரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, கையில் காசின்றி நின்ற மக்கள், தங்கள் தெய்வங்களுக்கு நடுவே அவருக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள் என்பது மறு பாதி. அவர்களிடம் இருந்தவற்றுள் மிக உயர்ந்தது அந்த இடமே. அதற்கு மேல் கொடுக்க மனிதரிடம் ஒன்றும் இல்லை. கெல்லி ஸ்மித்தின் பெயர் மாளிகைக்கு வாய்த்தது. சுற்றுலாக் கையேட்டிலும் அச்சாயிற்று. அவரைத் தெய்வங்களோடு அமர்த்தியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அம்மாளிகையில் எந்த ராஜாவும் குடியேறவில்லை. அதற்குக் கல் சுமந்தவர்களின் வழித்தோன்றல்களோ அண்மையிலுள்ள தமிழ்ப்பள்ளிகளுக்கு நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றனர். வாயிலில் நின்று அவர்களை வரவேற்கும் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அதன் பெயர் சொல்லி அழைப்பாராயின், எங்கள் வீட்டிற்கும் ராஜா வந்திருக்கிறான் என்று மங்கம்மாள் சொன்ன சொல் அன்றைக்கும் ஒருமுறை சொல்லப்பட்டதாகும்.